கலையும் கலைஞனும்

கலையைப் போற்றிக் கலைஞனை இகழ்வது அறமாகுமா? இவ்வினாவுக்கு விடை காண, நமக்குக் கிழக்கே கடலுக்கப்பாலுள்ள பிலிப்பைன்ஸ் தீவுகளை நோக்குவோம்.

ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டிருந்த அந்நாட்டின் ஓவியர் ஹுவான் லூனா, 1884 இல் மாட்ரிட் நகரில் தங்கப் பதக்கம் பெற்றார். அது பெருமையே. ஆனால், அறுவடைக் காலத்தில் ஹுட்ஹுட் பாடும் இபுகாவோ மூதாட்டியரும், அபாக்கா நாருக்குச் சாயமேற்றி டினாலாக் துணி நெய்யும் டிபோலி மாதரும் கலைஞரல்லரோ? ஆம் என்றது அந்நாட்டின் 1992 ஆம் ஆண்டுச் சட்டம். 1998 இல் லாங் டூலாய் என்னும் நெசவாட்டி அவ்விருதைப் பெற்றார். விருதுடன் உதவித்தொகையும் உண்டு. இளையோர்க்குக் கற்பிக்கும் கடமையும் உண்டு. ஆகவே அவருக்குக் கிடைத்தது பதக்கம் மட்டுமன்று, ஆசிரியரின் இருக்கை.

இனி நம்மைப் பார்ப்போம். உலு யாம் வட்டாரத் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் தப்பையும் கும்மியையும் கூத்தையும் உடன் கொணர்ந்தனர், ஜாதியையும் கொணர்ந்தனர். சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு வேண்டும். அடித்தவனோ எட்டி நிற்க வேண்டும்! இதனைக் கண்டு மனங்கொதித்தோர் சிலர், தப்பையே எறிந்துவிடுக என்றனர். அவர்தம் சினம் நியாயமே. எனினும் இழிவு தோலில் இல்லை. பிறப்பைக் காட்டி ஒருவனை அடிக்கச் செய்த கட்டாயத்தில் இருக்கிறது. கட்டாயத்தால் அடிப்பது அடிமைத்தனம். விரும்பிக் கற்று அடிப்பது கலை.

2025 இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மகிழ்வோம், ஆனால் விருதோடு அமைதி கொள்ளலாகாது. எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே பாயிலமர்ந்து தப்பு பயிலும் நாளிலன்றோ அக்கலை நம் அனைவர்க்கும் உரியதாகும்?