வெல்லப்படாதவனை வெல்லல் கூடுமோ?

தோல்வியே காணாத குத்துச்சண்டை வீரன் ஒருவனை எவரேனும் தோற்கடித்தல் கூடுமா என்னும் வினா, கேட்ட மாத்திரத்தில் வேடிக்கை வினாவாகவே தோன்றும். மனிதர் யாவரும் முதுமைக்கும் தளர்ச்சிக்கும் உட்பட்டவர். ஆகவே எவரையும் வெல்லலாம் என்று உடனே விடை கூறிவிடலாம். ஆயின் சற்று ஊன்றி நோக்குவோமாயின், இவ்வொரு வினாவினுள் மூன்று வினாக்கள் பின்னிக் கிடத்தலைக் காணலாம். ஒன்று சொற்பொருள் பற்றியது. மற்றொன்று தோல்வி என்பதன் இலக்கணம் பற்றியது. மூன்றாவது, தோற்றவன் மதிப்பிற் குறைந்தவனா என்னும் ஒழுக்கவியல் வினா. இம்மூன்றனையும் முறையே ஆராய்வாம்.

முதலிற் சொற்சிக்கலை எடுத்துக்கொள்வோம். 'வெல்லப்படாதவன் வெல்லப்பட்டான்' என்னும் வாக்கியம் தன்னோடு தானே முரண்படுகின்றது. எக்கணத்தில் அவன் வெல்லப்படுகின்றானோ அக்கணத்திலேயே அவன் வெல்லப்படாதவன் என்னும் பெயரை இழக்கின்றான். எனவே வெல்லப்படாதவன் ஒருவனை வெல்லுதல் என்றுமே இயலாது என்று வாதிடுவாருமுளர். இத்தகைய வாதத்தின் குறையைக் கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் பண்டே எடுத்துக்காட்டினார். அமர்ந்திருப்பவன் நடக்கக்கூடியவனா என்று அவர் வினவினார். அமர்ந்தபடியே நடத்தல் எவர்க்கும் இயலாது. ஆனால் இப்போது அமர்ந்திருக்கும் ஒருவன் எழுந்து நடத்தல் இயலும். இரண்டும் இருவேறு செய்திகள். அவ்வாறே, வெல்லப்படாதவனாய் இருந்துகொண்டே ஒருவன் வெல்லப்படுதல் இயலாது. ஆனால் இன்றுவரை வெல்லப்படாத ஒருவன் நாளை வெல்லப்படுதல் இயலும். இன்றுவரை தோற்கவில்லை என்பது அவனது வரலாறு. தோற்க இயலாதவன் என்பது அவனது இயல்பு பற்றிய கூற்று. வரலாற்றைக் கொண்டு இயல்பை நிறுவ முயல்வது அளவை நூலார் ஒப்பாத செயலாகும்.

குத்துச்சண்டையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1971ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்க அரங்கிலே முகம்மது அலியும் ஜோ பிறேசியரும் எதிர்ப்பட்டனர். அலி அதுவரை பொருத 31 போட்டிகளிலும், பிறேசியர் பொருத 26 போட்டிகளிலும் தோல்வி கண்டதில்லை. வெல்லப்படாதவர் இருவர் ஒரே மேடையில் நிற்கும்போது, சமநிலையில் முடிந்தாலன்றி, ஒருவர் அப்பெயரை இழந்தே தீரல் வேண்டும். பதினைந்து சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் பிறேசியருக்கே வெற்றியளித்தனர். அந்தப் பிறேசியரை 1973ஆம் ஆண்டு ஜனவரியில், கிங்ஸ்ரன் நகரிலே, இரண்டு சுற்றுகளுள் ஆறுமுறை வீழ்த்தினார் ஜோர்ஜ் போர்மன். நாற்பது போட்டிகளில் நாற்பது வெற்றி கண்டிருந்த போர்மனை 1974ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி கின்ஷாசாவில் எட்டாஞ் சுற்றிலே வீழ்த்தினார், முன்னரே தோல்வி கண்டிருந்த அலி. இச்சங்கிலியில் வெல்லப்படாதவர் என்று பெயர் பெற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராய் வெல்லப்பட்டனர்.

கின்ஷாசாவில் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. போர்மன் தம் எதிரிகளிற் பெரும்பாலாரைத் தொடக்கச் சுற்றுகளிலேயே வீழ்த்தியவர். ஆதலால் நெடுநேரம் பொருது களைப்புறுதல் எத்தகையது என்பதை அவர் அறியும் வாய்ப்புக் குறைவாயிருந்தது. அலி கயிற்றிற் சாய்ந்து நின்று, அவருடைய குத்துகளைக் கைகளிலும் உடலிலும் தாங்கி, அவரது ஆற்றல் வற்றும்வரை காத்திருந்தார். வெற்றிகளின் விரைவே போர்மனுடைய அறியாமைக்குக் காரணமாயிற்று எனலாம். அவரே 1994ஆம் ஆண்டு நவம்பரில், தம் நாற்பத்தைந்தாம் வயதிலே, அதுவரை தோல்வியறியாத மைக்கல் மூரரைப் பத்தாஞ் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை மீண்டும் பெற்றார். தோற்றறிந்தவர் தோல்வியறியாதவரை வென்றமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இனி, இறுதிவரை தோற்காதவர் இல்லையா என்று வினவலாம். உளர். றொக்கி மார்சியானோ பொருத 49 போட்டிகளிலும் வென்று, 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 1969இல் விமான விபத்தில் இறந்தார். இனி எவரும் அவரை வெல்லவியலாது. ஆனால் அவரது வெல்லப்படாமையை நிலைநிறுத்தியது எது? இறுதிவரை அவரைக் காத்தது அவரது கையின் வலிமை மட்டுமன்று. மேடையை விட்டு இறங்கிய முடிவும் அதில் ஒரு பங்கு கொண்டது. 48 போட்டிகளைத் தொடர்ந்து வென்ற லறி ஹோம்ஸ், அவ்வெண்ணைச் சமப்படுத்தும் வேளையில், 1985ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மைக்கல் ஸ்பிங்ஸிடம் தோற்றார். ஒரு போட்டி முன்னதாக அவர் ஓய்வு பெற்றிருப்பின் அவரும் வெல்லப்படாதவராகவே எண்ணப்பட்டிருப்பார். அவ்வொரு போட்டியைப் பொருதமையால் அவர் தாழ்ந்த வீரராகிவிடுவரோ?

மல்யுத்த உலகிற் புகழ்பெற்ற காமா பயில்வானின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1910இல் இலண்டனில் ஸ்பிஸ்கோவுடன் அவர் நெடுநேரம் பொருதும் முடிவு காணப்படவில்லை. மறுபோட்டிக்குக் குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் எதிர்ப்பட்டபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். வெல்லப்படாமை என்பது ஓர் எதிர்மறைப் பண்பு. தம்மோடு பொருத யார் வந்தனர், யார் வாராதொழிந்தனர் என்பதையும் அது சார்ந்து நிற்கின்றது. ஆகவே அதனை ஒருவனுடைய முழு உடைமையாகக் கொள்ளல் பொருந்தாது.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். தோல்வி என்பது யாது? ஒருவன் ஒன்றை இழந்தான் என்பதனால் மட்டும் அவன் தோற்றவனாகான். தோல்வி நிகழ்தற்குப் போட்டியொன்று வேண்டும். இருவரும் அறிந்த விதி வேண்டும். இருவரும் எதிர்நின்று பொருதல் வேண்டும். 1967ஆம் ஆண்டு ஏப்ரலில் இராணுவத்திற் சேர மறுத்தமைக்காக அலியினது உலகப் பட்டம் பறிக்கப்பட்டது. அவரது தண்டனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1971ஆம் ஆண்டு ஜூனிலேயே நீக்கியது. பட்டம் பறிக்கப்பட்ட நாளில் அவர் தோற்றார் என்று குத்துச்சண்டை ஏடுகள் எவையும் பதியவில்லை. பட்டம் போயிற்று, தோல்வி நிகழவில்லை. மேடையில் நிகழாததை மேடையின் சொல்லால் குறித்தல் கூடாது.

இவ்விலக்கணத்தை நம் இலக்கியத்துள் வைத்துச் சோதிப்பதற்கு வாலியினும் ஏற்றவன் இல்லை. தன்னை எதிர்ப்பவனுடைய வலிமையிற் பாதி தன்னை வந்தடையும் என்னும் வரம் பெற்றவன் அவன். மார்சியானோவின் வெல்லப்படாமை வரலாற்றுச் செய்தி. வாலியின் வெல்லப்படாமையோ இயல்பாகவே அமைந்தது. எதிர்நின்று அவனை வெல்லுதல் எவர்க்கும் இயலாது. இராமன் மறைந்து நின்று அம்பு எய்தான், வாலி வீழ்ந்தான். வீழ்ந்தபின் அவன் எழுப்பும் வினாக்களைக் கம்பர் விரித்துரைக்கின்றார். அவன் கொல்லப்பட்டான் என்பதில் ஐயமில்லை. வெல்லப்பட்டானா என்பதே நூற்றாண்டுகளாகப் பட்டிமண்டபங்களில் நிகழும் வழக்கு. ஆயின் அவ்வழக்கிற் பெரிதும் கேட்கப்படாத வினா ஒன்றுண்டு. எதிரியின் வலிமையிற் பாதியைப் பறித்துக்கொண்டு பொருதவன் அதற்கு முன்னர் பெற்றவை வெற்றிகளாகுமா? தோற்றற்கு இடமே இல்லாத களத்தில் வெல்லுதற்கும் இடமில்லை. தோல்வி இயலக்கூடியதாய் இருத்தலே வெற்றிக்குப் பொருள் தருகின்றது. எனவே, வெல்லப்படாத வீரனை வெல்லல் கூடுமோ என்னும் வினாவுக்கு, வெல்லல் கூடும் என்பது மட்டுமன்றி, கூடாதாயின் அவன் வீரனே அல்லன் என்பதும் விடையாகின்றது.

இவ்வாராய்ச்சி மேடைக்கும் காவியத்துக்கும் மட்டும் உரியதன்று. வன்னி மண்ணிலே இதற்கு வாழும் பொருளுண்டு. பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலப் படையை வெளியேற்றினான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் வொன் டிறிபேக்கின் படை அவனை முறியடித்தது. அச்செய்தியை அறிவிக்கும் கல் ஒன்றும் அவ்விடத்தில் நாட்டப்பட்டது. அவனைத் தோல்வியறியா மன்னன் என்று போற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. அஃது அன்பின் மிகுதியால் எழுந்த கூற்றேயன்றி வரலாறு அன்று. கற்சிலைமடுவில் நிகழ்ந்தது படையும் படையும் எதிர்நின்ற போர். அதில் அவன் தோற்றான். அதனைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளுதலால் அவன் பெருமை ஒருசிறிதும் குன்றாது. ஒப்புக்கொள்ளாது விடுவோமாயின், ஏன் தோற்றான், எப்படைகள் எத்திசையிலிருந்து வந்தன, யார் துணை நின்றனர், யார் நில்லாதொழிந்தனர் என்னும் வினாக்களைக் கேட்கும் வாயிலையே நாம் அடைத்தவராவோம்.

இதற்கு மறுதலையான செய்தியொன்றும் அதே மாவட்டத்தில் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பும் கடலும் கூடும் முகத்துவாரத்தருகே உள்ளது கொக்கிளாய். 1984ஆம் ஆண்டு டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் வீடுகளையும் வயல்களையும் கரைவலைப்பாடுகளையும் விட்டு வெளியேற நேர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்து, அவர்கள் மீளும் நிலை உண்டாயிற்று. மீண்டோரிற் பலர்க்குத் தம் காணியையும் பாட்டையும் திரும்பப் பெறுதல் எளிதாயிருக்கவில்லை. இம்மக்களைத் தோற்றவர் என்று கூறுவாருளர். அஃது அனுதாபத்தாற் கூறப்படினும் தவறேயாகும். கரைவலை இழுத்தவனும் நெல் விதைத்தவளும் எவரோடு பொருத மேடையேறினர்? எவ்விதிக்கு உடன்பட்டனர்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது, அக்கரையோர் கடலிடம் தோற்றனர் என்று எவரும் சொல்லவில்லை. இழந்தனர் என்றே சொன்னோம். மனிதரால் நேர்ந்த இழப்புக்கு மட்டும் தோல்வி என்னும் பெயரிடுவது ஏன்?

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று தள்ளத்தக்கதன்று. குத்துச்சண்டையில் நடுவர் வென்றவனுடைய கையை உயர்த்தியதும் காரியம் முடிந்துவிடுகின்றது. தோற்றவன் மறுபோட்டி கேட்கலாமேயன்றி, தன்னிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டதென்று முறையிடல் இயலாது. நேரிய போட்டியில் இழந்தது இழந்ததே. ஆகவே பறிகொடுத்தவனைத் தோற்றவன் என்று பெயரிடும்போது, நிகழ்ந்தது நேரிய போட்டியென்றும், கணக்கு முடிந்ததென்றும், இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லையென்றும் நாம் அறியாமலே உடன்பட்டுவிடுகின்றோம். அநீதியின் வழக்கோ அவ்வாறு முடிவதில்லை. இழந்தவனுக்குக் கேட்கும் உரிமை எஞ்சியே நிற்கும். தோற்றமையைத் தோல்வி என்னாது மறைத்தல் ஒரு பொய். தோல்வியல்லாததைத் தோல்வி என்றல் மற்றொரு பொய். முன்னது நம்மைக் கல்லாதவராக்கும். பின்னது நம் உரிமையைக் கைவிடச் செய்யும்.

எஞ்சியிருப்பது மூன்றாவது வினா. மெய்யாகவே தோற்றவன் மதிப்பிற் குறைந்தவனா? வெண்ணிப் போரிலே கரிகாலனிடம் தோற்றுப் புறப்புண் பட்ட சேர மன்னன், அதற்கு நாணி வடக்கிருந்தான். வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்திப் பாடிய வெண்ணிக்குயத்தியார், உன்னிலும் அவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்பட வினவினார். அப்பாடல் புறநானூற்றுள் வைக்கப்பட்டது. வென்றவன் அவையில் தோற்றவனுடைய உயர்வைக் கூறும் துணிவும், அதனைத் தொகுத்துக் காக்கும் மனமும் அக்காலத்துத் தமிழர்க்கு இருந்தன. வள்ளுவரோ இன்னும் ஒருபடி மேற்சென்று, தமக்கு ஒப்பாகாதாரிடத்தும் தோல்வியை ஒப்புக்கொள்ளுதலே சான்றாண்மைக்கு உரைகல் என்றார். வெல்லப்படாமையை அவர் உரைகல்லாகக் கொள்ளாமை கருதத்தக்கது. வெற்றி ஒருவனுடைய வலிமையை அளக்கும். அவன் எத்தகையவன் என்பதைத் தோல்வியை ஏற்கும் முறையே காட்டும்.

அங்ஙனமாயின் இறுதிவரை தோற்காதவன் ஒரு சோதனைக்கு உட்படாமலே சென்றவனாகின்றான். அவன் இழிந்தவன் அல்லன். ஆயினும் அவனை நாம் முழுதும் அறிந்தோம் என்று கூறுதற்கில்லை. 1971இல் தோற்ற அலியை, அதற்கு முன் வெற்றியன்றி வேறறியாத அலியினும் நன்கு அறிவோம். அவர் மீண்டும் பயின்றார். 1974இல் பிறேசியரை எதிர்கொண்டு வென்றார். அவ்வாண்டிலேயே கின்ஷாசாவுக்கும் சென்றார்.

பல்கலைக்கழக வாழ்விலும் தோல்வியறியாது வந்தோர் பலருளர். பள்ளியிலும் பரீட்சையிலும் முதன்மை பெற்று வந்த மாணவன், தன் முதற் சறுக்கலை உலகத்தின் முடிவாகக் கருதுதல் உண்டு. வேறு சிலர், தோற்றுவிடுவோம் என்று அஞ்சிக் கடினமான வினாக்களை அணுகாமலே தம் புகழைக் காத்துக்கொள்வர். இவர்களுக்கெல்லாம் கூறத்தக்கது இதுவே. போட்டியில் நேர்மையாக இழந்ததைத் தோல்வி என்று தயங்காது ஒப்புக்கொள்க, அதிலிருந்து கற்க. போட்டியின்றிப் பறிக்கப்பட்டதைத் தோல்வி என்று எவர் கூறினும் ஏற்காதொழிக. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவு எவனிடம் உண்டோ, அவன் வெல்லப்படலாம். எனினும் தன் மதிப்பை இழக்கமாட்டான்.