தெருமுனைக் கைதும் தெருவின் அமைதியும்

தெருவில் கஞ்சா விற்பவரையும் வாங்குபவரையும் பிடித்தால் அங்கே திருட்டும் அடிதடியும் குறையுமா? இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது: யாருடைய நிம்மதிக்காக யாருடைய எதிர்காலம் பலியாகிறது? பெங்களூருவின் நீலசந்திரா வீட்டோடு வீடு ஒட்டிய பகுதி; தமிழும் உருதும் கன்னடமும் ஒரே சந்தில் கேட்கும். இத்தகைய இடத்தில் பொட்டலம் கைமாறினால் முதலில் பாதிக்கப்படுவோர் அங்கே குடியிருப்பவர்களே. போலீஸ் ரோந்து வேண்டுமென்று அவர்கள் கேட்பது முழு நியாயம். ஆனால் அந்த ரோந்தில் பிடிபடுபவனும் பெரும்பாலும் அதே சந்தின் பிள்ளை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோ வரையிலான கஞ்சா 'சிறிய அளவு'. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புகைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கேஸ் பதிவான பையனுக்கு வேலை கிடைப்பதில்லை. கூலிக் குடும்பம் வக்கீலுக்குக் கடன் வாங்குகிறது. சுற்றுச்சுவருக்குள் அடுக்ககத்தில் புகைப்பவனை ரோந்து எட்டுவதேயில்லை. ஒரே குற்றத்துக்கு முகவரியைப் பார்த்து வரும் தண்டனை அநீதி.

பலனும் உறுதியானதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980களில் ஹெராயின் தெரு விற்பனையை ஒடுக்க இரு நகரங்கள் முனைந்தன. லின் நகரில் வீடு புகுந்து திருடுவது குறைந்தது. லாரன்ஸில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. லின்னின் நிலை வேறு: அங்கே விற்பனை ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தது. சிகிச்சை தேடுவோரும் அந்நகரில் பெருகினர். போதைச் சந்தை வன்முறை குறித்து 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், எடுத்துக்கொண்ட 15 ஆய்வுகளில் 14, கடும் நடவடிக்கையோடு வன்முறை கூடியதையே காட்டின. விற்பவன் சிறை சென்றாலும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். காலியான இடத்தைப் பிடிக்க அடுத்தவர்கள் கத்தி எடுக்கிறார்கள்.

இதற்காகப் போலீஸ் ஒதுங்கிவிடலாம் என்பது, சுமையை மீண்டும் அந்தச் சந்தின் மேலேயே ஏற்றுவதாகும். பள்ளி வாசலிலும் தெருமுனையிலும் நடக்கும் விற்பனையை நிறுத்துவது கடமை. எண்ணிக்கை காட்டுவதற்காகப் புகைப்பவர்களை அள்ளிச் செல்வது கடமையல்ல. இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால், பிரிவு 64ஏ அவரை வழக்கிலிருந்து காக்கிறது. போதை மீட்புச் சிகிச்சை தரும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை, நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. பிடிபட்டவனிடமும் அவன் தாயிடமும் இந்தப் பிரிவை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வது, கைது செய்யும் அதிகாரத்தோடு சேர்ந்து வரும் பொறுப்பு.