பிள்ளைக்கும் நோய், பெற்றோருக்கும் நோய்: கடமையின் எல்லை

முதுமையில் நோயுற்ற தாய் தந்தையரைப் பிள்ளைகள் பேண வேண்டும் என்பதில் சமயங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பேண வேண்டிய பிள்ளைக்கே புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்துவிட்டால் அந்த அறம் என்ன ஆகும் என்பதுதான் கடினமான கேள்வி. ஐம்பதை ஒட்டிய வயதில் புற்றுநோய் கண்டவர்களின் பெற்றோர் பெரும்பாலும் எழுபது எண்பதைத் தொட்டிருப்பார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் தந்தையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொள்ளும் மகளும் ஒரே வீட்டில் இருப்பது அரிதன்று. அத்தகைய வீட்டில் மூன்று கேள்விகள் எழுகின்றன: இது ஏன் வந்தது, யாரை யார் பார்ப்பது, யாரிடம் எதைச் சொல்வது.

முதல் கேள்விக்குத் தமிழ்க் குடும்பங்களில் உடனே கிடைக்கும் விடை வினை. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்த பிராரத்தம், இப்போது புதிதாக ஈட்டும் ஆகாமியம். ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்று பெருமூச்சு விடும் உறவினர் நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொள்கிறார். வந்த துன்பத்தை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பது மூன்றாவதைச் சேர்ந்தது. அங்கே மனிதருக்குச் செய்வதற்கு இடம் உண்டு. பௌத்தம் இதில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. எல்லாத் துன்பமும் முன்வினையின் பயன்தானா என்று மோலிய சீவகர் என்பவர் புத்தரிடம் கேட்டபோது, பித்தம், கபம், வாதம், அம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரிவரப் பேணாமை, பிறரின் தாக்குதல் ஆகியவற்றை வரிசைப்படுத்திவிட்டு, எட்டாவதாகவே வினையைப் புத்தர் குறிப்பிட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. விவிலியத்தின் யோபு ஆகமத்தில் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் துன்பத்தில் வீழ்ந்த யோபுவுடன் பேசாமல் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். பிறகு அவர் செய்த பாவத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். முடிவில் இறைவனின் கண்டனம் அந்த நண்பர்கள் மீதே விழுகிறது.

பழி தேடும் பழக்கம் பெற்றோரையும் விடுவதில்லை. புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பரம்பரையாக வந்த மரபணு மாற்றத்தோடு தொடர்புடையவை. மார்பகப் புற்றுநோய் தாய்க்கும் மகளுக்கும் அடுத்தடுத்து வரும்போது, ‘என்னால்தான் வந்தது’ என்று தாய் மருகுகிறாள். மரபணுவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தாய் உலகில் எவளும் இல்லை. செய்யாத செயலுக்குக் குற்றம் இல்லை என்பது எல்லா அறநூல்களுக்கும் பொது.

இரண்டாவது கேள்வியே நோயாளியை அதிகம் வதைப்பது. இதை ஆராய உடலின் நிலையையும் பார்க்க வேண்டும். பல கீமோ மருந்துகளில், ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையான இடைவெளியில் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கத்து அறையில் தந்தை நெஞ்சுச் சளியால் இருமுகிறார். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தட்டிவிட மகளின் கை நீள்கிறது. கூடாது என்கிறார் மருத்துவர். நோயின் வலியோடு குற்றவுணர்வும் சேர்வது இந்த இடத்தில்தான்.

அங்குத்தர நிகாயத்தில் இதற்கு ஆழமான ஒரு பதில் உண்டு. தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் நூறாண்டு சுமந்தாலும் அவர்களுக்குப் பட்ட கடன் தீராது என்கிறார் புத்தர். நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, மெய்யறிவு ஆகியவற்றில் அவர்களை நிலைபெறச் செய்பவரே கைம்மாறு செய்தவர் என்றும் சொல்கிறார். உடலுழைப்பால் தீராத கடனை உடல் தளர்ந்தவர் தீர்க்கவில்லை என்று குறை கூற முடியாது. பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்று கட்டளையிடும் குர்ஆன், எவர் மீதும் அவர் சக்திக்கு மீறிய சுமையை இறைவன் ஏற்றுவதில்லை என்றும் கூறி, நோயாளிக்கு ரமலான் நோன்பைத் தள்ளிவைக்க இடம் தருகிறது. யோவான் நற்செய்தியில், சிலுவையில் உயிர் பிரியும் நேரத்தில் இயேசு தம் தாயைச் சீடர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். அந்தச் சீடர் அன்று முதல் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்கிறார். தாய் பேணப்படுவதற்கு வழி செய்ததே அங்கு மகனின் கடமையாகிறது. தன் கையால் செய்ய இயலாதவர் வேறொருவர் கையால் செய்விப்பதும் பேணலே.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது பற்றியது. ‘அம்மாவிடம் சொல்லாதே, தாங்க மாட்டாள்’ என்பது வீடுகளில் வழக்கமான முடிவு. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரும் இடம் கொடுக்கிறார். ஆனால் அந்த நன்மை யாருக்கு என்று கேட்க வேண்டும். முடி உதிர்ந்த தலையில் கட்டிய துணியையும் தொடாமல் மூடி வைத்த தட்டையும் தாய் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அறிவு தெளிவாக உள்ளவளிடம் மறைத்தால், மகனுக்காக வேண்டிக்கொள்ளவும் அவன் தலையை வருடிக்கொடுக்கவும் அவளுக்குள்ள உரிமை பறிபோகிறது. மறதி நோய் முற்றியவர்களின் நிலை வேறு. சொன்னது நினைவில் தங்காததால், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் துக்கம் புதிதாகவே தாக்கும்; அங்கே வள்ளுவர் தரும் விலக்கு பொருந்தும்.

பணிவிடையை ஏற்பதும் ஓர் அறம். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் நீர் ஊற்றிக் கழுவிக் கட்டிலில் கிடத்திய நிகழ்ச்சி விநய பிடகத்தில் உள்ளது. அதையடுத்து நல்ல நோயாளிக்குரிய ஐந்து இயல்புகள் சொல்லப்படுகின்றன: உடலுக்கு ஒத்ததைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்துண்ணல், நோயின் நிலையை உள்ளபடி சொல்லுதல், வலி பொறுத்தல். ரமண மகரிஷி 1922இல் தம் தாய் அழகம்மாளின் இறுதி நாளில் அவர் நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி மணிக்கணக்கில் அருகே இருந்தார். பின்னாளில் தம் இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நான்கு அறுவை சிகிச்சைகளை ஏற்று, அன்பர்களின் பணிவிடையில் இருந்து 1950இல் மறைந்தார். பேணுவதும் பேணப்படுவதும் ஒரே வாழ்வில் மாறி மாறி வருபவை.

‘என் ஆயுசை இவனுக்குக் கொடு’ என்று முதிய தாய் வேண்டுவதும், தாய்க்கு முன் தான் போய்விடக் கூடாதே என்று மகன் வேண்டுவதும் எந்தத் தத்துவத்தாலும் முழுதாக ஆற்றப்படாத துயரம். இத்தகைய வீட்டுக்கு உடனடித் தேவை ஆள்துணை. மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்லும் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. தாயும் பிள்ளையும் ஒருசேரப் படுத்த வீட்டில் அந்த நான்காவது இடம் காலியாகிறது. அதை நிரப்பும் கடமை சுற்றத்துக்கும் ஊருக்கும் உரியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிக் கேரளம் முழுதும் பரவிய வலிநிவாரணப் பராமரிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களே வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் முறையால் வளர்ந்தது. பெற்றோர் கடன் பிள்ளையின் தோளில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த இயக்கமே நடைமுறைச் சான்று.