பெயர் பொறியாத கற்கள்

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழலிலே மாணவர் சிலருடன் ஒருநாள் நின்றேன். 1875 ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தமையின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்ட கோபுரம் இது என விளக்கிக்கொண்டிருக்கையில், "அவர் இஞ்ச வந்தவரோ, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான்.

வரவில்லை. கொழும்பையும் கண்டியையும் பார்த்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர் அவர். இந்நகரில் ஒருபோதும் கால் வைக்காத ஒருவருக்கு இந்நகரின் நடுவே நினைவுச் சின்னம்! கோபுரத்துக்கு வரைபடம் தந்த ஸ்மிதரையும் மணிக்கூட்டை வழங்கிய ஆளுநர் லோங்டனையும் வரலாற்றேடுகள் மறக்கவில்லை. சுண்ணாம்பு குழைத்தவனும், கல் சுமந்தவளும், சாரத்தில் தொங்கி நின்று பூசியவனும் எங்கே போயினர்? அவர்கள் எந்தச் சாதியினர், அக்காலத்தில் எந்தக் கோயில் வாசலில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர் என்பதை மட்டும் நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழிலக்கியம் பயின்ற எனக்கு அம்மாணவனின் வினா நடுகல்லை நினைவூட்டியது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது முதலாக நாட்டிய கல்லை வாழ்த்துவது ஈறாக, நடுகல்லுக்குரிய நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கற்களிற் பல மன்னர்க்குரியன அல்ல. ஊரார் மாட்டை மீட்கப் போய் மாண்ட சாமானியனுக்கு உரியன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனின் பக்கத்திலே ஒரு நாயும் அதிற் செதுக்கப்பட்டிருக்கின்றது. கள்வர் இருவரைக் கடித்த அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகளின் பின்னரும் ஒரு நாயின் பெயரை நாம் அறிவோம்; நூற்றைம்பது ஆண்டுகூட நிரம்பாத கோபுரத்தின் கொத்தனை அறியோம். இதைக் கேட்டுப் பழம்பெருமை பேசுவோர் உடனே பூரித்துவிடவும் வேண்டா. மாட்டை மீட்கப் போனவனுக்கு நாட்டியது போலவே கவரப் போனவனுக்கும் கல் நாட்டினார்கள். ஆனால் ஒன்று: யார் இறந்தானோ அவனுடைய மக்கள் அவனுக்குக் கல் நாட்டினர். அதைத் தடுக்கும் உரிமை வென்றவனுக்கு உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. அநுராதபுரத்தில் எல்லாளனை வீழ்த்திய துட்டகைமுனு, பறையறைந்து ஊராரைக் கூட்டி, மாண்ட மன்னனுக்கு ஈமக்கடன் செய்வித்து, அவ்விடத்தில் நினைவுச் சின்னமும் எழுப்பி, அதனை வணங்குமாறு பணித்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. அதன் அருகே வரும் அரசர்கள் தம் வாத்திய ஒலியை நிறுத்திவிடும் வழக்கம் தன் காலத்திலும் நிலவியதாக அந்நூல் சொல்கின்றது. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்துத் தளர்ந்திருந்தும் அவ்விடத்தை அண்மியதும் சிவிகையினின்று இறங்கினார். சமாதி இருக்கும் இடம் சரியாகத் தெரியாமையால், அதனைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே சென்றார். மேஜர் போர்ப்ஸ் எழுதிவைத்த செய்தி இது. எல்லாளன் சமாதி எனக் கருதப்பட்டு வந்த மேட்டைப் பின்னாளில் அகழ்ந்த பரணவிதான, அது வேறு என்றார். அந்த வாதம் ஆய்வாளருக்கு உரியது. மேடு யாருடையதாயினும், உயிருக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்த சிங்களப் பிரதானி ஒருவரைப் பல்லக்கினின்று இறக்கி நடக்கவைத்த அந்த அறத்தை அகழ்ந்தெடுத்து அப்புறப்படுத்த எவராலும் இயலாது.

துட்டகைமுனுவின் பெயரை மேடைதோறும் முழக்குவோர் அவனுடைய இந்த ஒரு செயலை மட்டும் ஏனோ விட்டுவிடுகின்றனர். ஆனையிறவில் இராணுவத்தின் வெற்றிச் சின்னம் நிமிர்ந்து நிற்கின்றது. கோப்பாயில் மாண்ட போராளிகளின் துயிலுமில்லம் தகர்க்கப்பட்டு, 2011 இல் அந்நிலத்தில் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுப்பப்பட்ட தூபி 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவரின் போராட்டத்தின் பின்னர் அது மீண்டும் எழுந்தது என்பது வேறு. அப்போராளிகளின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்குரிய நியாயங்கள் என்னிடமும் உண்டு. ஆயினும் கல்லறையில் விளக்கேற்ற வரும் தாய் அரசியல் அறிக்கை எதையும் ஏந்தி வருவதில்லை. சீதுவையில், காணாமற்போன சிங்கள இளைஞரின் படங்கள் பதித்த சுவரின் முன்னே ஆண்டுதோறும் ஒக்ரோபரில் கூடும் தாய்மாரைக் கேட்டால், கிளிநொச்சித் தாயின் மனத்தை அவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவும் எழுதியபின் பேனாவை மூடிவிடுதல் எனக்கு எளிது. பிறர் இடித்த கற்களை எண்ணும் நாம், நாம் நாட்டாத கல்லையும் எண்ணவேண்டும் அன்றோ? 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டை விட்டு, கையில் எடுக்க முடிந்ததோடு போனார்கள். விடுதலைப் புலிகளின் ஆணை அது. பெரும்பாலானோர் அதைப் பார்த்து மௌனமாயிருந்தோம் என்பது நம்முடைய பங்கு. அதற்காக அவர்களே ஒரு கல் நாட்ட வேண்டும் என்று காத்திருப்பது நியாயமாகாது. அந்தக் கல்லில் என்ன எழுதுவது, யார் பெயரால் எழுதுவது, எந்தச் சந்தியில் நாட்டுவது என்பதையெல்லாம் நாம்தான் கூடிப் பேசவேண்டும். பேசுகையில் சினங்கொள்வோரும் நம்முள் இருப்பர்.

மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சோனகத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அடுத்த முறை மாணவரை அவ்வழியே அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். அங்கும் அவன் ஏதேனும் கேட்பான்.