புலனறிவும் இல்லறமும்

உயிர்களை அவற்றின் அறிவால் ஆறு வகையாகப் பகுத்தது தொல்காப்பிய மரபியல். ஐம்புலனும் மாந்தர்க்குப் பொதுவே. ஆயின், ஒவ்வொரு புலனின் கூர்மையும் எல்லார்க்கும் ஒன்றுதானா? ஆட்டிசம் உடைய குழந்தைகள் வளரும் இல்லங்களில் இது வெறும் ஏட்டு வினா அன்று. நாள்தோறும் எழும் அறவினா.

1943ஆம் ஆண்டில் இந்நிலையை விரித்தெழுதிய லியோ கன்னர், மின்கருவிகளின் ஓசைக்கு அஞ்சிய குழந்தைகளைப் பற்றி அன்றே குறிப்பிட்டார். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு, புலனுணர்வின் மிகுதியையும் குறைவையும் இந்நிலையின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நமக்குப் பழகிப்போன மிக்சியின் இரைச்சல் ஒரு குழந்தைக்குத் தாங்கவொண்ணா வேதனையாகலாம். மற்றொரு குழந்தை, உணர்வு போதாமையால் ஓயாது குதிக்கலாம், சுழலலாம். கைகளை உதறுவதும் உடலை ஆட்டுவதும் பல வேளைகளில் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் முயற்சியே. அதைப் பிடிவாதம் என்று அடக்குதல் முறையாகுமா?

"உலகம் இவனுக்காக மாறுமா? பழகிக்கொள்ளட்டும்" என்பார் உளர். தெருவின் இரைச்சலை நம்மால் நிறுத்த இயலாது என்பது மெய்யே. ஆயினும், அஞ்சி நடுங்கும் மனம் எதனையும் கற்பதில்லை. அமைதியுற்ற குழந்தையே, தன் விருப்பத்தோடு, சிறிது சிறிதாகப் பழகும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மிக்சியை ஓட்டுமுன் ஒரு சொல் சொல்லலாம். சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டிவிடலாம். கூடத்தின் ஒரு மூலையைத் திரையிட்டு ஒதுக்கலாம். ஊஞ்சல் ஒரு குழந்தைக்கு அமைதி தரும். மற்றொன்றுக்கு அச்சம் தரும். எது பொருந்தும் என்பதைக் குழந்தையின் முகமே அறிவிக்கும்.

பாட்டியின் பூசை மணியும் தமக்கையின் பாட்டும் அதே வீட்டுக்கு உரியவை அல்லவோ? ஆம். ஆகவே அவற்றுக்கு நேரம் வகுத்துக்கொள்ள வேண்டும், விலக்க வேண்டுவதில்லை. எல்லார்க்கும் ஒரே விதி என்பது நடுவுநிலைமை ஆகாது. அவரவர் தாங்கும் அளவறிந்து இடமளிப்பதே நடுவுநிலைமை.

தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நாம், புரியாத மொழியின் ஆரவாரத்தில் நாள் முழுதும் நின்று, மாலையில் வீடு சேர்ந்த பின்னரே இளைப்பாறியவர்கள். பள்ளியின் இரைச்சலைச் சுமந்து வரும் அக்குழந்தையும் நம்மைப் போன்றே இளைப்பாறத்தான் வீடு வருகிறது. நாம் நாடிய அந்த அமைதியை அதற்கும் அளித்தல் நம் கடன்.