கோப்பையும் கொள்கையும்

இளமை வந்தால் குடியும் வரும்; அது வயதின் கோளாறு; ஆடும் மட்டும் ஆடிப் பிறகு அடங்கும் — இப்படி ஒரு நம்பிக்கை நாட்டிலே உலவுகிறது. அனுபவசாலிகள் எனப்படுவோரும் அதையே சொல்லிச் சமாதானம் அடைகின்றனர். பகுத்தறிவாளராகிய நாம் கேட்கிறோம்: இது இயற்கையின் சட்டமா? இட்டுக்கட்டிய கதையா?

இங்கிலாந்தைப் பாருங்கள். மாலைப் பொழுதை மதுக்கூடத்திலே கழிப்பதை வாழ்க்கை முறையாகவே கொண்ட நாடு. 1990-களிலே, பழச்சுவையும் இனிப்பும் சேர்த்த மதுப் புட்டிகள், இளைஞரை வா வா என்றழைத்து அங்கே அணிவகுத்தன. அந்த நாட்டில், 16 முதல் 24 வயதுடையோரில் குடிக்காதவர், 2005-இல் நூற்றுக்கு 18 பேர். 2015-இலோ 29 பேர்! இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட கணக்கு இது. மதுவிலக்குச் சட்டம் பிறக்கவில்லை. ஆயினும் பத்தே ஆண்டுகளில் பழக்கம் மாறிற்று. இளைஞரின் இரத்தம் குளிர்ந்துவிட்டதா? இல்லை. குடி, வயதின் விதி அன்று, ஊரின் வழக்கம். வழக்கமெனில், மாற்ற முடியும்.

ஜப்பானிலே நடந்ததோ வேடிக்கை! வயது வந்தோர் ஒருவர் ஆண்டொன்றுக்கு அருந்திய மது, 1995-இல் சராசரி 100 லிட்டர். 2020-இல் 75 லிட்டர். அரசின் வரி வருவாயில் மது வரி, 1980-இல் நூற்றுக்கு 5 பங்கு, 2020-இல் 1.7 பங்கு. அரசு மகிழ்ந்ததா? 2022-இல், தேசிய வரித்துறை ‘சாகே விவா’ எனும் போட்டியை நடத்தி, 20 முதல் 39 வயதினரை அழைத்து, உங்கள் தலைமுறை மதுவை விரும்ப வழி கூறுங்கள் என்று கேட்டது! மகன் குடியை விட்டானே என்று மனம் வெதும்பும் தகப்பனை எங்கேனும் கண்டதுண்டா?

சிரிக்கிறோம். நம் வீட்டுக் கதை என்ன? 1937-இல் சேலம் மாவட்டத்திலே தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவிற்று, 1971-இல் நீங்கிற்று, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல், அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. கருவூலம் கேட்டால் கடை திறக்கும். காலம் கேட்டால் மூடும். அந்த அரசைத் தட்டிக்கேட்பது நமது கடமை. ஆனால் நமது ஒழுக்கத்தின் சாவியை அதனிடம் ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், முதற் சம்பளம் பெற்ற இரவைப் பற்றிச் சொன்னான். “எனக்கு விருப்பமே இல்லை, ஐயா. மறுத்தால், நீ ஆண்பிள்ளையா என்பார்களே என்று குடித்தேன்.” யார் அவன்? இராகுகாலத்தில்தான் வேலையில் சேருவேன் என்று வீட்டாரை எதிர்த்து நின்றவன்! நாளுக்கும் கோளுக்கும் அஞ்சாதவன், நான்கு நண்பர்களின் நகைப்புக்கு நடுங்கினான். அவனைக் குறை கூற மனம் வரவில்லை. தெளிவாகப் பேசக் கற்பித்த நாம், ‘வேண்டாம்’ எனும் ஒரு சொல்லைக் கற்பித்தோமா என்றே வருந்தினோம்.

மேலைநாட்டு இளைஞர் விட்டனர், நாமும் விடுவோம் என்று கூறிவிட்டால் போதுமோ? போதாது. ஊர் குடிக்கிறதென்று குடித்தவன், ஊர் விட்டதென்று விட்டால், கைக்கோப்பை மாறிற்றே தவிரக் கைவிலங்கு மாறவில்லை. நாளை ஊர் திரும்பினால் அவனும் திரும்புவான். ஏன் குடிக்க வேண்டும், யார் ஆதாயத்துக்கு, எவர் வீட்டுச் சோற்றுப் பணத்தில் என்று தானே கேட்டு, தானே விடை கண்டு மறுப்பவனே விடுதலை பெற்றவன்.

தோழர்களே! சாத்திரத்தைக் கேள்வி கேட்டோம்; சடங்கைக் கேள்வி கேட்டோம். நண்பர் கூட்டத்திலே நீட்டப்படும் கோப்பையும் ஒரு சடங்குதான். அதையும் கேள்வி கேட்போம். மறுப்பவனை நகைக்காத நட்பையும் வளர்ப்போம்!