அரைப் பேர் போடாதே

கொழுந்து கிலோ குறைந்தால் செக்ரோலில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். மழையில் நனைந்தது, காலில் அட்டை ஏறியது, பொழுதெல்லாம் மலையில் நின்றது எதுவும் கணக்கில் வராது. அந்த அநியாயத்தோடு மோதுவோம், அது வேறு பேச்சு. ஆனால் தங்கச்சி, ஹட்டன் பஸ்ஸில் ‘நாங்க லயத்து ஆளுங்கதானே’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாயே, அங்கே உனக்கு அரைப் பேர் போட்டது யார்? நீதான்!

ஒரு புத்தகம் சொல்கிறேன், படி. விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் பாளியில் எழுதியது. மைத்திரியும் கருணையும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும். ‘அது அவங்க மதம்’ என்று முகத்தைச் சுளிக்காதே. 1948இல் நம் தாத்தாமாரை நாடற்றவர்களாக்கியது ஒரு சட்டம். இந்தப் புத்தகத்தின் மேல் அந்தப் பழி இல்லை. புத்தகோசர் காலத்தவராகச் சொல்லப்படும் பாளி ஆசிரியர் புத்ததத்தர் சோழநாட்டுக்காரர், தெரியுமா?

லயத்துக் காம்பராவில் எங்கே படிப்பது என்கிறாயா? ஞானபோணிக தேரர் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் அவரைத் தியத்தலாவையிலும் பிறகு டேராடூனிலும் அடைத்து வைத்தான். அந்த முள்வேலிக்குள் இருந்தே சுத்தநிபாதத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். மைத்திரி சூத்திரமும் அந்த நூலில் இருக்கிறது.

மைத்திரி என்றதும் கைகட்டி நிற்பது என்று நினைத்துவிட்டாய். அன்பை முதலில் யாரிடம் தொடங்கச் சொல்கிறார் புத்தகோசர்? உன்னிடம்! ‘நான் நலமாக இருக்க வேண்டும்.’ அதற்குப் பிறகுதான் ஆசான், நண்பர், முன்பின் அறியாதவர், பகைவர் எல்லாம். ஒரு சோதனையும் வைக்கிறார். நீ, உனக்குப் பிரியமானவர், அறியாதவர், பகைவர் என்று நாலு பேர் இருக்கும் இடத்துக்குக் கொள்ளையர் வந்து, பலிகொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். பகைவரைக் காட்டினால் தோற்றாய். ‘என்னைக் கொண்டு போங்க’ என்றாலும் தோற்றாய்! நாலு பேரில் ஒருவரையும் விட்டுக்கொடுக்க மனம் வரக்கூடாது.

நம் அம்மாமார் வாழ்நாள் முழுக்க ‘என்னைக் கொண்டு போங்க’ என்றுதான் சொன்னார்கள். ரொட்டியில் கருகிய பாதி எப்போதும் அவர்களுக்கு. அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்ந்தவர் எவரும் ஒரு நாள் கூடை சுமக்கவில்லை.

நாளைக்குப் பெரட்டுக்குப் போகுமுன், கேத்தல் கொதிக்கும் நேரத்தில், ‘நான் நலமாக இருக்க வேண்டும்’ என்ற அந்த ஒரு வரியை உனக்காகச் சொல். பிறகு நிறுவை நேரத்தில் தராசைப் பார். கண்ணுக்குத் தெரிந்த கிலோவும் காதில் விழுந்த கிலோவும் ஒத்துவரவில்லையா? வசவும் வேண்டாம், நடுக்கமும் வேண்டாம். நிறுக்கிறவர் முகத்தைப் பார்த்துக் கேள்: “இன்னொரு தடவை நிறுங்க ஐயா.”